பழைய டாம் அண்ட் ஜெர்ரியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

பென்சில்வால்:
6 வயசுப் பிள்ளையோட உட்கார்ந்து பார்க்க டாம் அண்ட் ஜெர்ரி தேடினா ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வருது. ஒண்ணுல ரெண்டும் நண்பர்களா ஊர் சுத்துது, ஜெர்ரி கழுத்துல சிவப்பு போ டை. இன்னொண்ணுல சத்தமெல்லாம் கிணத்துக்குள்ள இருந்து வருது. பெரியவங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிற அந்தப் பழசு எது? டிவியில போட்டா தலை வேற வெட்டுப்படுது.

ரீல்பெட்டி:
டைட்டில்ல இதை உருவாக்கின வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா பேர் ரெண்டும் இருக்கணும், கூடவே எம்ஜிஎம் ஸ்டுடியோவோட சின்னமான சிங்கமும். 1940 முதல் 1958 வரை தியேட்டருக்காக எடுத்த 114 குறும்படம். 7 ஆஸ்கார் வாங்கினதும் இதுலதான். கிணத்துச் சத்தம் ஜீன் டைச் பிராக் நகரத்துல எடுத்த 13 படம், 1961–62. சிங்கம் இருக்க வேண்டிய இடத்துல டாம் வந்து கத்தினா, அது சக் ஜோன்ஸ் எடுத்த 34 படத்துல ஒண்ணு. டாமுக்குப் புருவம் அடர்த்தியா இருக்கும். போ டை கட்டினது 1975 டிவி தொடர். டிவியில அடிதடிக்குக் கெடுபிடி, அதனால நட்பாக்கிட்டாங்க. புளி இல்லாத ரசம்.

நாலுக்குமூணு:
தலை வெட்டுப்படறது ஜூம் வேலை. பழைய படம் 4:3, அதாவது அகலம் 4 பங்குன்னா உயரம் 3 பங்கு. அதை இன்னும் அகலமான 16:9 டிவியில அகலம் முழுக்க இழுத்தா உயரத்துல கால்வாசி போயிடும். கீழே எலிவளை, மேலே பூனைத்தலைன்னு அமைச்ச காட்சி என்னாகும்? ஜூமை அணைச்சு, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோட பாருங்க. 1954-லேர்ந்து சினிமாஸ்கோப்னு ரொம்ப அகலமான படங்கள் வந்துச்சு. அதை 4:3-க்கு வெட்டின பிரதியில கிட்டத்தட்ட பாதிப் படம் காணாம போயிருக்கும், வாங்காதீங்க. அசைவை வழவழப்பாக்குற செட்டிங்கையும் அணைச்சிடுங்க. நொடிக்கு 24 பிரேம்ல, பல இடத்துல ஒரு ஓவியம் ரெண்டு பிரேம் நிக்கும். டிவி தானா இடையில படம் சொருகினா அடி விழுற வெடுக்குப் போயிடும்.

சுத்தியல்ஸ்வரம்:
பெரியவங்க சிரிக்கிறதுக்குப் பாதிக் காரணம் ஸ்காட் பிராட்லி இசை. ஹன்னா எந்த அசைவு எத்தனை பிரேம்னு தாளக்கணக்காவே எழுதி வைப்பார். 12 பிரேமுக்கு ஒரு தாளத் தட்டுன்னா நிமிஷத்துக்கு 120. டாம் கால் வைக்கிறதும் தட்டு விழுறதும் ஒண்ணா இருக்கறது அதனாலதான். 1947-ல வந்த 'தி கேட் கன்செர்ட்டோ'வுல ஆரம்பிங்க. டாம் மேடையில இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டோட ஹங்கேரிய ராப்சடி 2-ங்கிற பியானோ இசையை வாசிக்குது, ஜெர்ரி பியானோவுக்குள்ள. ஒரு இடத்துல ஜெர்ரி பியானோ கட்டைகளை எடுத்துட்டு எலிப்பொறியை வைக்கும். டாமோட விரல் அதுக்கு மேலயே தப்பித் தப்பிப் போகும், எப்ப மாட்டும்னு பிள்ளை மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கும். வசனமே வேண்டாம். டாமோட அலறல் ஹன்னாவோட சொந்தக் குரல். பதிவுல முன்னும் பின்னும் வெட்டி, உச்சத்தை மட்டும் வெச்சுக்கிட்டாங்க.

ரீல்பெட்டி:
ஒரு எச்சரிக்கை. சில படத்துல வெடி வெடிச்சதும் முகம் கறுத்து, கறுப்பினத்தவரைக் கேலி பண்ற காட்சி வரும். வீட்டு வேலைக்காரப் பெண்ணோட குரலும் பிரதிக்குப் பிரதி மாறும். 1960-கள்ல டிவிக்காக அந்தப் பாத்திரத்தையே ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணா மாத்தி வரைஞ்சாங்க, 1990-கள்ல குரலை மட்டும் மாத்தினாங்க. பிள்ளைக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஒண்ணு ஏழெட்டு நிமிஷம்தான்.