முனிச்ல கம்மி காசுல பர்த்டே பார்ட்டி – மாஸ்டர்ஸ் படிக்க வந்த தம்பிக்கு

தம்பி, ஜூன்ல பர்த்டே, கிளாஸ்ல இருந்து 12 பேர கூப்பிடணும், 50 யூரோக்கு மேல போகக்கூடாதுன்னு கேட்டிருக்கீங்க, தாராளமா முடியும். ஆனா ஒரு விஷயத்த மொதல்ல மனசுல இருந்து எடுத்துருங்க, வீட்டுக்கு வர்றவங்கள வெறுங்கையோட வரச்சொல்லி நாமதான் எல்லாத்தையும் செய்யணும்ங்கறது நம்ம ஊர் வழக்கம். இங்க கூப்பிட்ட உடனே "நான் என்ன கொண்டு வரட்டும்"னு அவங்களே கேப்பாங்க, சும்மா மரியாதைக்கு கேக்கறது இல்ல, நெஜமாவே கேக்கறாங்க. அப்போ "அய்யோ ஒண்ணும் வேணாம்"னு சொல்லிடாதீங்க, நீ சாலட், நீ ரொட்டி, நீ ஜூஸ்னு பேர் சொல்லி பிரிச்சு விடுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

ஜூன்னா வீட்டுல வைக்கவே வேணாம், பியர்கார்டன் போயிடுங்க, அதாவது மரத்தடில பெஞ்சு போட்டு பியர் விக்கற தெறந்தவெளி எடம். 1812ல இங்க ராஜாவா இருந்த மாக்ஸ் ஜோசப் காலத்துல, பியர் காய்ச்சறவங்க தோட்டத்துல பியர் விக்கலாம், ரொட்டி தவிர வேற சாப்பாடு விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க, அதனால ஜனங்க வீட்டுல இருந்தே கட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க, அந்தப் பழக்கம் இன்னிக்கும் இருக்கு. ஹிர்ஷ்கார்டன், இங்கிலிஷர் கார்டன்ங்கற பார்க்ல இருக்கற சைனீஸ் டவர், ரெண்டுமே பெரிய எடம், வாடகை கெடையாது. மேஜை மேல துணி விரிச்சிருந்தா அது வெயிட்டர் பரிமாறற எடம், அங்க உக்காராதீங்க, துணி இல்லாத பெஞ்சுல நம்ம டப்பாவ தொறக்கலாம். குடிக்கறது மட்டும் அங்கதான் வாங்கணும், அதுல கறாரா இருப்பாங்க. வெளில போனா இங்கயும் பர்த்டேக்காரங்கதான் ட்ரீட் குடுக்கறது வழக்கம், அதனால "சாப்பாடு என்னுது, ட்ரிங்க்ஸ் அவங்கவங்க வாங்கிக்கோங்க"ன்னு இன்வைட் மெசேஜ்லயே போட்டுருங்க, கடைசி நேரத்துல யாருக்கும் சங்கடம் வராது. கண்ணாடி கிளாசுக்கு டெபாசிட் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்து காச வாங்க மறக்காதீங்க.

சாப்பாட்டுக்கு புளிசாதம், லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இது மூணே போதும். அரிசி ஒரு கிலோ, கூட மத்தவங்க கொண்டு வர்றதும் இருக்கும், தாராளமா காணும். நெய் போடாம நல்லெண்ணெய்ல தாளிச்சா வீகன் சாப்பிடறவங்களும் சாப்பிடலாம், கிளாஸ்ல கண்டிப்பா ரெண்டு மூணு பேர் அப்படி இருப்பாங்க. வேர்க்கடலை அலர்ஜி யாருக்காவது இருக்கான்னு முன்னாடியே குரூப்ல கேட்டுருங்க, இது ரொம்ப முக்கியம், நம்ம ரெண்டு சாதத்துலயும் அதுதான் நெறைய போகும். காரத்த பாதியா கொறைச்சுட்டு ஊறுகாய தனியா வைங்க, வேணும்ங்கறவங்க தொட்டுக்கட்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு, கொத்தமல்லி எல்லாம் துருக்கிக் கடைல வாங்குங்க, கொத்தமல்லி கட்டு பெருசா இருக்கும், இந்தியன் ஸ்டோருக்கு புளி, கறிவேப்பிலை, பெருங்காயத்துக்கு மட்டும் போனா போதும். ஞாயித்துக்கிழமை கடை இருக்காது, பார்ட்டி ஞாயிறுன்னா சனிக்கிழமையே எல்லாம் வாங்கிடணும், நடுவுல திங்கள் லீவு வந்தா இன்னும் கவனமா இருங்க.

மழை வந்து வீட்டுக்குள்ள வைக்க வேண்டி வந்தா, பஜ்ஜி பொரிக்கற ஐடியா வேணாம், ரூம்ல ஸ்மோக் அலாரம் இருக்கும், ஒரு சட்டி எண்ணெய் காஞ்சாலே கத்த ஆரம்பிச்சுரும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாடிப்படி கிட்ட ஒரு சின்ன பேப்பர் ஒட்டிடுங்க, பர்த்டே இருக்கு, கொஞ்சம் சத்தம் வரலாம்னு, இங்க நெறைய பேர் அப்படிச் செய்வாங்க. ராத்திரி 10 மணிக்கு மேல பாட்ட கொறைச்சுருங்க. வீட்டுல வச்சா ட்ரிங்க்ஸ் கடைல பெட்டி பெட்டியா எடுத்துட்டு வந்து தொறக்காத பெட்டிய திருப்பிக் குடுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க, நெறைய கடைல ஒத்துக்குவாங்க, ஆப்பிள் ஜூஸ்ல சோடா தண்ணி கலந்து வச்சா செலவும் கம்மி, எல்லாரும் குடிப்பாங்க. காலி பாட்டில குப்பைல போட்டுடாதீங்க, ஒரு தடவ யூஸ் பண்ற பிளாஸ்டிக் பாட்டில கடைல திருப்பிக் குடுத்தா, வாங்கறப்போ கட்டின டெபாசிட் 25 சென்ட் திரும்ப வரும். யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக் தட்டு தேட வேணாம், ஐரோப்பிய யூனியன்ல அத 2021ல தடை பண்ணிட்டாங்க, ஹாஸ்டல் கிச்சன்ல இருக்கற தட்டோட, கூடப் படிக்கறவங்க கிட்டயும் கேட்டு சேத்துக்கோங்க.

அப்புறம் ஒண்ணு, யாருக்காவது முன்கூட்டியே பர்த்டே விஷ் பண்ணிடாதீங்க, ஜெர்மன்காரங்க அத அபசகுனமா நெனைப்பாங்க. உங்களுக்கு ஜூன்ல எந்த கிழமை வருதுன்னு சொல்லுங்க, சாயங்காலம்னா ஹிர்ஷ்கார்டன்ல எடம் புடிக்க எத்தன மணிக்கு போகணும்னு சொல்றேன்.