பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘பார்ன் ஃப்ரீ’ பாடல் வீடியோவை யூடியூப் ஏன் தூக்கியது?

பழைய கேசட்: நேற்று ராத்திரி தம்பி லிங்க் அனுப்பினான். தோசை சாப்பிட்டுக்கொண்டே போட்டேன். சுமார் ஒன்பது நிமிடம். செம்பட்டை முடிக்காரர்களாகப் பார்த்து இழுத்துவந்து பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். அப்புறம் பாலைவனத்தில் ஒரு சின்னப் பையனைத் தலையில் சுடுகிறார்கள். அதோடு தட்டைத் தள்ளிவிட்டேன். அதென்ன செம்பட்டை முடிக் கணக்கு?

அடைமழை: அந்த முடிதான் விஷயமே. நிஜமான ஏதாவது ஓர் இனத்தைக் காட்டியிருந்தால் நாம் உடனே ஒரு பக்கம் சேர்ந்திருப்போம். இயக்குநர் ரொமைன் காவ்ராஸ் அதற்கு இடமே தரவில்லை. படையினர் சீருடையில் அமெரிக்கக் கொடி, சுவரில் வட அயர்லாந்து ஆயுதக் குழுக்களின் பாணி ஓவியம்; கவனித்தீர்களா? 2010 ஏப்ரலில் வந்த வேகத்தில் அமெரிக்க யூடியூபில் காணாமல் போனது. ரத்தம் அதிகம்தான், மறுக்கவில்லை.

வடமராட்சியான்: எங்களுக்கு அது கற்பனையாத் தெரியேல்லை அண்ணை. எம்.ஐ.ஏ. சின்ன வயசில யாழ்ப்பாணத்தில இருந்தவ; தகப்பன் ஈரோஸ் எண்ட ஈழ இயக்கத்தைத் தொடங்கின ஆக்களில ஒருத்தர். 2009 ஆகஸ்டில பிரிட்டிஷ் டிவி சேனல் 4 காட்டின இலங்கைப் போர் வீடியோவில கண்ணைக் கட்டிச் சுட்டது நிஜ ஆக்களை. அதுக்கு வராத கூச்சல், நடிச்ச பெடியனுக்கு வந்தது.

பழைய கேசட்: அந்த சேனல் 4 விஷயம் தெரியாமல்தான் பார்த்திருக்கிறேன். இன்று மறுபடி பார்க்கிறேன், சாப்பிட்ட பிறகு.