மகளிர் எஃப்.ஏ. கோப்பை பிறந்தது 1971இலா, அதற்கு முன்பேவா?

மிட்ஃபீல்ட் மணி:
2021 டிசம்பர் 5 அன்று வெம்பிளியில் செல்சி 3-0 என்று ஆர்சனலை வென்ற ஆட்டத்தை, மகளிர் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பையின் ஐம்பது ஆண்டு நிறைவு என்று கொண்டாடினார்கள். செவ்வந்தி அக்கா இன்னொரு இழையில் "அந்தக் கணக்கே தப்பு, கோப்பை 1918லேயே இருந்தது" என்று எழுதியிருந்தார். அதைத் தனியாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி 1971. அந்த ஆண்டு மே 9 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் சவுத்தாம்ப்டன் அணி, ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்டன் அண்ட் திஸிலை 4-1 என்று வென்றது. பாட் டேவிஸ் ஹாட்ரிக் அடித்தார். மொத்தம் 71 அணிகள் கலந்துகொண்டன. அன்றைக்கு அதன் பெயர் மைட்டர் டிராஃபி. அப்போது தொடங்கிய தொடர்தான் அறுபடாமல் இன்று வரை வருகிறது. வேறென்ன வேண்டும்?

செவ்வந்தி:
தம்பி, ஏன் டிசம்பர் 5 என்று நாள் குறித்தார்கள்? அதையும் சொல்லியிருக்கலாமே. 1921இல் அதே டிசம்பர் 5 அன்றுதான் எஃப்.ஏ., தன் கீழ் இருந்த கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டாம். தர்ம காரியத்துக்கு வசூலான பணத்தில் செலவுக்கணக்கு அதிகமாம். தன் நடுவர்களும் அந்த ஆட்டங்கள் பக்கம் போகக்கூடாது என்றது. நூறு வருஷம் கழித்து அதே நாளில் பந்தல் போட்டதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பந்தல் போட்டவர்கள் தடைக்கு முந்தைய கோப்பைகளையும் எண்ணியிருக்க வேண்டும்.

முதல் உலகப்போர் காலத்தில் வடகிழக்கு இங்கிலாந்தில் வெடிமருந்து ஆலைப் பெண்களுக்கென்றே ஒரு கோப்பை நடந்தது. 1918இல் ப்ளைத் ஸ்பார்டன்ஸ் பெண்கள் அணியும் மிடில்ஸ்பரோவின் போல்க்கோ வான் இரும்பாலை அணியும் இறுதியில் மோதின. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் நடந்த முதல் ஆட்டம் கோல் இல்லாமல் சமன். மே மாதம் அயர்சம் பார்க்கில் மறு ஆட்டம் வைத்தார்கள். சுமார் 22,000 பேர் முன்னால் ப்ளைத் 5-0 என்று வென்றது. பெல்லா ரே ஹாட்ரிக்.

தடை வந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அதே மாதத்தில் இங்கிலாந்து மகளிர் கால்பந்துச் சங்கம் உருவானது. 1922இல் அது 24 அணிகளோடு கோப்பை நடத்தியது. ஜூன் 24 அன்று ஸ்டோக் பெண்கள், டான்காஸ்டர் அண்ட் பென்ட்லியை 3-1 என்று வென்றார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓரக்கோடு:
1920 டிசம்பர் 26ஐ விட்டுவிட்டீர்களே அக்கா! லிவர்பூலின் குடிசன் பார்க்கில், பிரெஸ்டன் ஆலை அணியான டிக் கெர் பெண்களும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களும் மோதிய ஆட்டத்துக்கு 53,000 பேர். டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் தனி. தடைக்கு உண்மைக் காரணம் அந்தக் கூட்டம்தான் என்று நான் எப்போதும் சொல்வேன்.

மிட்ஃபீல்ட் மணி:
அது கோப்பை ஆட்டம் இல்லை, நிதி திரட்ட நடந்த ஆட்டம். கூட்டம் பெரிதென்பதற்காக அதை இங்கே இழுக்க வேண்டாம்.

1918 கோப்பை வட்டாரப் போட்டி. டைன், வியர், டீஸ் ஆற்றங்கரை ஆலைகளுக்குள் நடந்தது. போர் முடிந்து ஆலைகள் ஆளைக் குறைத்ததும் அதற்கும் வேலை முடிந்தது. 1922 அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு முறை நடந்த கோப்பை. அடுத்த இறுதிப் போட்டி 49 வருஷம் கழித்து, வேறு சங்கம் நடத்தி, வேறு பெயரில். ஸ்டோக் வென்ற கோப்பையைத்தான் சவுத்தாம்ப்டன் வென்றது என்று யாரால் சொல்ல முடியும்? தாத்தா வைத்திருந்த கடை மூடி, ஊரில் வேறொருவர் வேறு தெருவில் கடை போட்டால், அதன் பலகையில் தாத்தா காலத்து வருஷத்தை எழுதுவதா?

இடதுகால்:
வேறு சங்கம் என்கிறீர்கள். சரி, அதையே பிடித்துக்கொள்வோம். 1971 கோப்பையை நடத்தியது எஃப்.ஏ. இல்லை. 1969 நவம்பரில் 44 கிளப்கள் சேர்ந்து தொடங்கிய டபிள்யூ.எஃப்.ஏ. (மகளிர் கால்பந்துச் சங்கம்) அது. ஆர்தர் ஹாப்ஸ், பட்ரீஷியா கிரிகரி போன்றவர்கள் தபால் எழுதி எழுதிக் கட்டியது. எஃப்.ஏ. பொறுப்பேற்றது 1993இல்தான். நடத்துபவர் மாறினால் கோப்பை மாறும் என்பது உங்கள் வாதம் என்றால், மகளிர் எஃப்.ஏ. கோப்பை 1993இல் பிறந்தது என்று எழுதுங்கள். அதற்கு முன் சவுத்தாம்ப்டன் வென்ற எட்டுக் கோப்பையையும் திருப்பி வாங்கிவிடுங்கள்.

மிட்ஃபீல்ட் மணி:
கைமாறியபோது அணிகளும் விதிகளும் ஓடிக்கொண்டிருந்தன. 1992இல் ஆடியவர்கள் 1994லும் ஆடினார்கள். இடைவெளி இல்லை. 1922க்கும் 1971க்கும் நடுவே அப்படி என்ன ஓடியது?

செவ்வந்தி:
தடை ஓடியது.

ஓரக்கோடு:
🔥

இடதுகால்:
ஆண்கள் கோப்பையை ஒரு முறை பாருங்கள் மணி அண்ணே. 1871-72இல் பெயர் கொடுத்தவை 15 அணிகள். அதிலும் சில ஒரு ஆட்டம்கூட ஆடாமல் விலகின. கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் அரையிறுதியில் சமன் செய்துவிட்டு, மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கக் காசில்லாமல் ஊர் திரும்பியது. ஓவலில் வாண்டரர்ஸ் 1-0 என்று வென்றது, பார்த்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். இரண்டு உலகப்போரிலும் கோப்பை நின்றது, எண்ணிக்கை நிற்கவில்லை. போரால் வந்த இடைவெளியை மன்னிக்கிறோம். எஃப்.ஏ. தானே போட்ட தடையால் வந்த இடைவெளியை மட்டும் பெண்கள் தலையில் கட்டுகிறோம்.

வலைக்காப்பாளர்:
நான் இரண்டு பக்கமும் இல்லை. 1971ஐத் தேசியக் கோப்பை என்று சொல்வதிலேயே எனக்கு இடறுகிறது. முதல் 11 இறுதிப் போட்டிகளில் பத்தில் சவுத்தாம்ப்டன் ஆடியது, எட்டில் வென்றது. 1978இல் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 8-2 என்று உரித்தார்கள், பாட் சாப்மன் மட்டும் ஆறு கோல். இது போட்டியா?

ஓரக்கோடு:
வாண்டரர்ஸ் முதல் ஏழில் ஐந்து வென்றது. யாராவது குறை சொன்னார்களா?

அதோடு அந்த சவுத்தாம்ப்டன், ஆண்கள் கிளப்போடு ஒட்டும் உறவும் இல்லாத தனி அணி. அவர்களை 1974இல் 2-1 என்று வீழ்த்தியது ஃபோடன்ஸ், செஷயரில் லாரி செய்யும் ஆலையின் பெயரில் ஆடிய அணி. மணி அண்ணன் 1918ஐ "ஆலைக்குள் நடந்தது" என்று தள்ளினார். 1974இலும் ஆலை அணிதான் கோப்பையைத் தூக்கியது.

செவ்வந்தி:
ஸ்காட்லாந்து அணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஆண்டும் இரண்டாம் இடம் அங்கேதான் போனது: ஸ்டூவர்டன், லீஸ் லேடீஸ், வெஸ்ட்தார்ன். 1971 நவம்பரில் யுஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம்) உறுப்பு நாடுகள் பெண்கள் கால்பந்தைத் தங்கள் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்று 31-1 என்று வாக்களித்தபோது எதிர்த்த ஒரே வாக்கு ஸ்காட்லாந்துடையது. சொந்தச் சங்கம் கதவைச் சாத்தியதால் எல்லை தாண்டி வந்து ஆடினார்கள். ஸ்டூவர்டனில் வளர்ந்த ரோஸ் ரெய்லி பிறகு இத்தாலிக்குப் போய் அந்த நாட்டுச் சட்டையிலேயே ஆடினார். உங்கள் "தொடர்ச்சி" என்பது இப்படி ஓடி ஒளிந்து ஆடியவர்கள் கட்டியது தம்பி.

மிட்ஃபீல்ட் மணி:
அதை மறுக்கவே இல்லை அக்கா. ஸ்டோக் 1922 என்று பட்டியலுக்கு மேலே தனி வரி போடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். அதை முதல் மகளிர் எஃப்.ஏ. கோப்பை என்று எண்ணில் சேர்ப்பதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். தடை போட்ட சங்கத்தின் பெயரையே அந்த ஸ்டோக் பெண்களின் கோப்பை மேல் ஒட்டுவதில் உங்களுக்கு என்ன சந்தோஷம்?

இடதுகால்:
இது கொஞ்சம் இடிக்கிறதுதான். ஆனால் 1971 கோப்பை மேலும் பின்னால் வந்து அதே பெயரைத்தானே ஒட்டினார்கள்?