மாசமா இருக்கும்போது வீட்டுக்குள்ள பீடி, சிகரெட் புகை: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

செல்லூர் மருமக

மூணு வருசமா மனசுக்குள்ள கிடக்கு, அதான் எழுதுறேன். செல்லூர்ல லைன் வீடு, ஒரே ரூம், நடுவுல பழைய சேலையைக் கட்டித் தடுத்திருப்போம். மாமாவுக்கு விடியக்காலம் 4 மணிக்கே பீடி வேணும். எனக்கு அப்ப அஞ்சு மாசம். ஐப்பசி மழை, கதவைத் தொறக்க முடியல. தீக்குச்சி உரசுற சத்தம் கேட்டாலே கொமட்டும். அன்னைக்கு டீ குடுக்கப் போனேன். ஒரு கையில டம்ளரு, இன்னொரு கையால முந்தானைய வச்சு மூக்கப் பொத்தியிருக்கேன். மாமா நிமிந்து பாத்தாரு. டம்ளர வாங்கல. "கீழ வச்சிட்டுப் போத்தா"ன்னாரு.

அதுக்கப்புறம் மூணு நாளு என் கையால சோறு வாங்கல. கெழவன் நாறுறேன்னு மருமக மூக்கப் பொத்துறான்னு அத்தகிட்டச் சொல்லி அழுதிருக்காரு. வயித்துப் புள்ளைக்காகத்தான் பொத்துனேன்னு ஒரு வார்த்த நான் சொல்லல. பயம். மக பொறந்தப்ப 2 கிலோ 200 கிராம். பீடிதான் காரணம்னு எந்த டாக்டரும் சொல்லல, நானும் சொல்ல வரல. மாமா போன வருசம் தவறிட்டாரு. அந்த டம்ளரு மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

திருமங்கலத்தான்

நான் புகை குடிக்கிற பக்கம். வீட்டுக்குள்ள குடிக்கவே மாட்டேன், மொட்டமாடிதான். அதனால தப்பே இல்லன்னு நெனச்சேன். வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம், ஒரு நா ராத்திரி முழிச்சுப் பாக்குறேன், பக்கத்துல ஆள் இல்ல. ஆணியில மாட்டியிருந்த என் சட்டைய எடுத்து, ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, வயித்தத் தாங்கிக்கிட்டே பின்கட்டுக் கொடியில கொண்டுபோய்ப் போட்டுட்டு வருது. கேட்டேன். "உங்களச் சொல்லலங்க, சட்டையத்தான்"னு சொல்லிட்டுப் படுத்துருச்சு. எத்தன நாளா அப்படி எந்திரிச்சுப் போயிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்க எனக்குத் தைரியம் வரல.

மேலூர் பக்கம்

எல்லாத்தையும் பெருசாக்குறீங்க. எங்க அப்பத்தா விறகடுப்புப் புகையில கெடந்துச்சு, தாத்தா பக்கத்துல உக்காந்து சுருட்டுப் பிடிப்பாரு. பன்னெண்டு பெத்துச்சு. எங்க அப்பா 70 வயசுலயும் வயலுக்குப் போறாரு. செல்லூர்க்காரம்மா, பெரிய மனுசன அப்படி நோகடிச்சிருக்க வேணாம். எழுந்து வெளிய போயிருக்கலாம்ல?

திருமங்கலத்தான்

அண்ணே, காலங்காத்தால 4 மணிக்கு, மழையில, அஞ்சு மாச வயித்தோட எங்கிட்டுப் போகச் சொல்றீங்க? எழுந்து போக வேண்டியது பீடி வச்சிருக்கவரு. அப்பத்தா பன்னெண்டு பெத்தத எண்ணுனீங்க, எத்தன தங்குச்சுன்னு கேட்டீங்களா?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா, உசிலம்பட்டி

கிராமத்து நர்ஸா இருந்தவ. என் கத சின்னது. ஒரு பொண்ணு, ரெண்டாம் பிரசவம், மொதப் புள்ள எடை குறைவு. மாசாமாசம் வீட்டுக்கே போவேன். இரும்புச்சத்து மாத்திர போட்டியா, ஊசி போட்டியா, கால் வீங்குதான்னு எல்லாம் கேப்பேன். ஒரு நா அவ கட்டில்ல உக்காந்து பிரஷர் பாக்குறேன், கட்டிலுக்கடியில தரையெல்லாம் பீடித்துண்டு. கூட்டக்கூட முடியாம கெடந்திருக்கா. அவ்வளவு மாசமும் வீட்ல யாரு பீடி குடிக்கிறான்னு நான் ஒரு தடவகூடக் கேக்கல. அதுதான் உறுத்துது.

இப்ப கேக்காமலே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கிரும். தாய் ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா புள்ளைக்குப் போறதும் குறையும். நிகோட்டின் நஞ்சுக்கொடி வழியாப் புள்ள வரைக்கும் போயிரும், தாய் ஒரு பீடியையும் தொடாட்டியும். அடுத்தவன் விட்ட புகைய மூச்சுல வாங்குன தாய்க்குப் புள்ள 2.5 கிலோவுக்குக் குறைவாப் பொறக்குற ஆபத்து கூடுது, வயித்துலயே இறந்துபோற ஆபத்தும் கூடுது. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்லல. ஆனா எந்தத் தாய்க்கு ஆகும்னு யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பீடி சின்னதா இருக்கு, எல தானேன்னு நெனைக்காதீங்க, அதுக்குள்ள இருக்கதும் புகையிலதான். சன்னலத் தொறந்து வைக்கிறது, ஃபேன் போடுறது, ஊதுபத்தி ஏத்துறது எதுவும் பத்தாது. ஊதுபத்தி இன்னொரு புகை. சட்டையில, தலையணையில, திரைச்சீலையில ஒட்டுனது நாள்கணக்கா இருக்கும். திருமங்கலத்துத் தம்பி, உங்க வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்கு.

2003ல புகையிலைக்குச் சட்டம் வந்துச்சு, 2008 அக்டோபர் 2லருந்து பொது எடத்துல புகைக்கத் தடை கறாரா வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல பிடிச்சா அபராதம். வீட்டுக்குள்ள எந்தச் சட்டமும் வராது, அங்க நாமதான் பேசணும். விடணும்னு நெனைக்கிறவங்க 1800-11-2356க்குப் போன் போடுங்க, காசில்ல. மாமனார் கிட்டப் பேச வேண்டியது மருமக இல்ல, மகன். கடுதாசி எழுதியாவது குடுக்கட்டும்.

மேலூர் பக்கம்

திருமங்கலத்துத் தம்பி சொன்னதுக்கு அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பன்னெண்டுல ஏழுதான் நின்னுச்சாம். ரெண்டு பொறந்த அன்னைக்கே போயிருச்சாம். காரணம் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துல பல நோவு. ஆனாலும் பன்னெண்டுன்னு பெருமையாச் சொன்னது எனக்கே கஷ்டமா இருக்கு. செல்லூர்க்காரம்மா, நான் சொன்னதுல தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க.

அவனியாபுரம்

எனக்கு இப்ப ஆறு மாசம். மாமா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல சுமை தூக்குறவரு. தெனமும் எனக்குன்னு ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு வருவாரு. அந்தப் பூவுலயும் பீடி வாட. வாங்கித் தலையில வச்சா கொமட்டும், வைக்காட்டி அவரு மொகம் வாடும். வச்சுக்கிட்டு, அவரு தூங்குனதும் கழட்டிச் சாமி படத்துக்குப் போட்டுருவேன். செல்லூர் அக்கா எழுதுனதப் படிச்சிட்டுத்தான் முந்தாநாள் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், அப்பாகிட்ட நீங்களே பேசுங்கன்னு. என்ன பேசுனாரோ தெரியாது, ராத்திரி வெளிய ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னாங்க.

நேத்துச் சாயங்காலம் கதவத் தொறந்தா, எலையில சுத்தின பூ கொண்டியில தொங்குது. மாமா உள்ள வரல, திண்ணையில உக்காந்திருந்தாரு. சோத்தையும் அங்கயே குடுக்கச் சொல்லிட்டாரு. கோவத்துல உக்காந்திருக்காரா, எனக்காக உக்காந்திருக்காரான்னு தெரியல. பூவ மோந்து பாத்தேன், மல்லி வாசம் மட்டுந்தான். இன்னைக்கு டீய நானே கொண்டுபோய்க் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காரப் போறேன் அக்கா. என்ன சொல்றதுன்னு இன்னும் யோசிக்கல.