கோல குபு பாரு சுற்று, 3 நாள்: லோரி தொல்லை இல்லாத பாதை, கியர், தோட்டச் சாலை பற்றி

கேள்வி: குறிஞ்சிக்கொடி

வணக்கம். பிப்ரவரியில் இரண்டு பேர் சைக்கிளில் மூன்று நாள் சுற்றத் திட்டம். மலேசியாவில் சிலாங்கூரின் கோல குபு பாரு வரை ரயில். முதல் நாள் பிரேசர் மலை ஏறித் தங்கல், இரண்டாம் நாள் இறக்கம். மூன்றாம் நாள் கெர்லிங், களும்பாங் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்குள் சுற்றிவிட்டு ரயிலில் திரும்பல்.

வண்டி ஒன்று: 700சி, டயர் 32 மி.மீ., முன்பல் 50/34, பின்பல் 11-28, ரிம் பிரேக். வண்டி இரண்டு: பழைய 26 அங்குல மலை சைக்கிள், முன்பல் 22/32/42, பின்பல் 11-34, கம்பி டிஸ்க் பிரேக். ஆளுக்கு 10 கிலோ மூட்டை.

வேகம் முக்கியமில்லை, சத்தம் இல்லாமல் இருந்தால் போதும். எந்த நேரம் கிளம்பலாம்? முதல் வண்டியின் கியர் தாங்குமா? தோட்டத்துக்குள் விடுவார்களா?

பதில் 1: அணைக்கட்டு_வளைவு

இந்தப் பக்கம் தார்ச்சாலையில் வண்டியே வராத இடம் என்று ஒன்று கிடையாது. கிழமையும் நேரமும் பார்த்துப் போனால் அமைதி கிடைக்கும். 55ஆம் எண் கூட்டரசுச் சாலை திங்கள் முதல் வியாழன் வரை காலையில் காலியாகக் கிடக்கும். அதே சாலையில் சனி, ஞாயிறு காலை பெரிய மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக ஏறும், வளைவுகளில் சாய்ந்துகொண்டு வருவார்கள். வெள்ளி மாலையும் வேண்டாம். தைப்பூச விடுமுறை, சீனப் புத்தாண்டு வாரம் இரண்டும் பிப்ரவரியை ஒட்டி வரலாம், நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அறை பதியுங்கள்.

பட்டணத்திலிருந்து மலை உச்சி சுமார் 40 கி.மீ., ஏற்றம் மொத்தம் சுமார் 1,200 மீட்டர். சராசரி 3 விழுக்காடுதான். ஆனால் சராசரியை நம்பி முதலிலேயே மிதித்துத் தள்ளிவிடாதீர்கள். வழியில் சிலாங்கூர் ஆற்று அணை கட்டியபோது சாலையை நீர்த்தேக்கத்தின் கரைக்கு ஏற்றிவிட்டார்கள், அதனால் உடம்பு சூடாகும் முன்பே ஒரு கடுமையான ஏற்றம் வரும். அப்புறம் ஏறி இறங்கிக்கொண்டே போகும். கேப் (பிரேசர் மலைக்குச் சாலை பிரியும் கணவாய்) தாண்டி கடைசி 8 கி.மீ. மறுபடியும் செங்குத்து. அந்தத் துண்டு குறுகல். வண்டிகளை ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் விடும் முறை அங்கே உண்டு, மண்சரிவைப் பொறுத்து அது மாறும். அங்கே இருக்கும் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று தங்கும் விடுதிக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிப்ரவரியில் விடிய ஏறக்குறைய ஏழரை ஆகும். ஆறு மணிக்கே பட்டணத்துக் கடையில் பசியாறிவிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். மூட்டையோடு மணிக்கு 8 கி.மீ. என்று வையுங்கள். 5 மணி நேரம் மிதிப்பு, ஒரு மணி நேரம் ஓய்வு, ஒன்றரைக்கு மேலே. இடிமழை பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் பிடிக்கும். ஒன்பதுக்குக் கிளம்பினால் கேப்பில் நின்று நனைய வேண்டியதுதான்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். பெர்தாக் என்ற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமம் தாண்டினால் கடையை எதிர்பார்க்காதீர்கள், போன் சிக்னலையும் நம்பாதீர்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனாலும் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது.

1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியைப் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றது இந்தச் சாலையின் ஒரு வளைவில்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாது என்பதுதான் அன்றைக்குச் சுட்டவர்களுக்கு வசதி. சாலை இன்றும் அப்படியே வளைந்து வளைந்துதான் போகிறது. இடது வளைவில் இறங்கும்போது எதிரே ஏறிவரும் கார் உள்பக்கம் வெட்டி வரும், நடுக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். ரொம்ப ஓரத்துக்கும் போகாதீர்கள்: நிழல் விழும் இடமெல்லாம் பாசி, மூங்கில் சருகு, அதற்குப் பக்கத்திலேயே மூடி இல்லாத லோங்காங் (வடிகால்). ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுவதுதான் சரியான இடம். பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

பதில் 2: பல்சக்கரம்

கியர் கணக்கு. முதல் வண்டியில் மிகக் குறைந்த கியர் 34/28, அதாவது 1.21. சக்கரச் சுற்றளவு 2.15 மீட்டர் என்றால் ஒரு மிதிக்கு 2.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு 9.4 கி.மீ. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 95 கிலோ என்று வைத்தால், 6 விழுக்காடு ஏற்றத்தில் சுமார் 160 வாட் கேட்கும். ஒரு மணி நேரம் தாங்கலாம், ஐந்து மணி நேரம் தாங்காது. மிதி வேகத்தைக் குறைத்து அழுத்தி ஓட்டினால் முட்டிதான் பதில் சொல்லும்.

மலிவான வழி: பின்பல்லை 11-34 ஆக்குங்கள், விகிதம் 1.0 ஆகும். அதே 60 மிதிக்கு மணிக்கு 7.7 கி.மீ., தேவை சுமார் 130 வாட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் பல்லை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு வராதீர்கள். குட்டைக் கூண்டு டிரெய்லர் (சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின்பாகம்) பெரும்பாலும் 28 அல்லது 30 பல் வரைக்கும்தான். நீளக் கூண்டு வேண்டும், சங்கிலியும் புதிது வேண்டும். பழைய சங்கிலி புதுப் பல்லில் குதிக்கும், நீளமும் பத்தாது. நீளம் பார்க்கும் முறை: டிரெய்லருக்குள் விடாமல் பெரிய முன்பல், பெரிய பின்பல் இரண்டையும் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குட்டையாக வெட்டிவிட்டு மலையில் முன்னால் 50, பின்னால் 34 என்று தவறி மாற்றினால் டிரெய்லர் பிய்ந்துகொண்டு ஸ்போக்குக்குள் போகும்.

இரண்டாவது வண்டியில் 22/34, விகிதம் 0.65. அதைத் தொட வேண்டாம், இந்தப் பயணத்துக்குச் சரியான வண்டி அதுதான்.

பிரேக்தான் எனக்குக் கவலை. ரிம் பிரேக்கை இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் காற்று பட்டு ரிம் ஆறும். மழையில் முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு ரப்பர் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே தொட வேண்டும். கட்டையில் மின்னும் உலோகத் துணுக்கு இருந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது ரிம்மை அரம்போல் அறுக்கும்.

டிஸ்க் வண்டிக்கு: ரெசின் பேட் நனைந்த செம்மண்ணில் ஒரே நாளில் தேய்ந்துபோகலாம். சின்டர்டு (உலோகத் தூள்) பேட் மாட்டுங்கள், மாற்று ஜோடி ஒன்று கையில் இருக்கட்டும். உராயும் பாகம் 1 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். கம்பி பிரேக் தானாகச் சரிசெய்துகொள்ளாது. பேட் தேயத் தேய பிடி கைப்பிடிவரை வரும், பேட்டை நெருக்கும் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கப் பழகிக்கொண்டு வாருங்கள்.

பதில் 3: லயத்துக்காரன்

மேலே இருவரும் மலையைப் பற்றியே பேசிவிட்டார்கள். லோரி இல்லாமல், கார் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் மூன்றாம் நாள்தான் அசல் நாள். அதே சமயம் வழி தவறவும் அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

தோட்டச் சாலை தனியார் நிலம். வாசலில் காவலர் இருந்தால் நின்று, எங்கே நுழைந்து எங்கே வெளியேறப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கேட்டால் அடையாள அட்டையைக் காட்டுங்கள். முதல் நாளே தோட்ட ஆபீசில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. முடியாது என்றால் வாதாட வேண்டாம், செம்பனைக் குலைத் திருட்டு நடக்கிற இடங்களில் அந்நியர் யாராக இருந்தாலும் சந்தேகம்தான். தோட்டத்துக்குள் தமிழ்ப் பேச்சையே நம்பிப் போகாதீர்கள், இப்போது வெட்டு வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டவர். மலாய் போதும்.

உள்ளே வழி கண்டுபிடிப்பது தனி வித்தை. கைப்பேசி வரைபடத்தில் கோடாகத் தெரிவதெல்லாம் சாலை இல்லை. மேட்டு நிலத்தில் செம்பனையைப் படிப்படியாக வெட்டிய வரப்பில் நடுவார்கள். அந்த வரப்பு சைக்கிளுக்கு அருமையான பாதைபோல் தெரியும், மலையைச் சுற்றிப் போய் முட்டுச்சந்தில் விட்டுவிடும். குலை ஏற்றும் சாலையிலேயே இருங்கள்: லோரிச் சக்கரத் தடம் இரண்டு இருக்கும், ஓரத்தில் குலை குவிக்கும் மேடை இருக்கும். மூலைக்கு மூலை நட்ட ஆண்டும் ஹெக்டேரும் எழுதிய பலகை உண்டு, திரும்பும் இடத்தில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையைப் பார்த்தாலும் ஒரே மரம், அந்தப் பலகைதான் ஊர்ப்பெயர். இரண்டு தோட்டத்துக்கு நடுவே ஆறு இருந்தால் பாலம் அநேகமாகப் பெரிய சாலையில்தான். அந்தக் கொஞ்ச தூரம் 1ஆம் எண் சாலையில் போகத்தான் வேண்டும்.

லோரி இங்கேயும் உண்டு, ஆனால் அதற்கு நேரம் இருக்கிறது. வெட்டிய குலை ஆலைக்குச் சீக்கிரம் போயாக வேண்டும், வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். காலையில் வெட்டு, பிற்பகலில் லோரி ஓட்டம். ஒரே துண்டு நிலத்துக்கு மறு வெட்டு 10 நாள், 14 நாள் கழித்துத்தான் வரும். ஓரத்தில் புதுக்குலை குவிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் லோரி வரும், வேறு துண்டுக்குத் திரும்பிவிடுங்கள். மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.

பஞ்சருக்குக் காரணம் ஆணியோ கண்ணாடியோ இல்லை, செம்பனை மட்டை. அடிமட்டையின் இரு ஓரமும் முள். மட்டை காய்ந்தால் முள் மரக்கட்டை மாதிரி ஆகும், உடைந்து டயருக்குள் நின்றுவிடும். டியூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கம் ஒரு துணியை இழுத்துப் பாருங்கள், விரலை விட வேண்டாம். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும். குறட்டின் நுனி மெல்லியதாக இருக்கட்டும்.

மழை பெய்தால் செம்மண் பிசின். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இறுகி, சக்கரமே சுற்றாது. 32 மி.மீ. டயரோடு மட்கார்டு இருந்தால் தோட்ட நாளுக்குக் கழற்றிவிடுங்கள். நடந்து தள்ளுவதாக இருந்தாலும் சிவப்பு மண்ணை விட்டு ஓரப் புல்லில் தள்ளுங்கள்.

குறிஞ்சிக்கொடி

நன்றி, மூன்று பேருக்கும். லயத்துக்காரன் அண்ணே, 32 மி.மீ. டயரைத் தோட்டத்துக்காக மாற்றணுமா? காற்று எவ்வளவு வைக்கலாம்? நாய்த் தொல்லை எப்படி?

லயத்துக்காரன்

சைக்கிள் பிரேமில் இடம் இருந்தால் 38 போடுங்கள் தம்பி. பின்பக்கப் பிரேக் பாலத்துக்கும் டயருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி வேண்டும், அது இல்லையென்றால் 35ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். 38க்கு, உங்கள் எடைக்கு, தாரில் முன்னால் 45, பின்னால் 50 பிஎஸ்ஐ. செம்மண்ணில் இரண்டிலும் பத்து குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் கல்லில் அடித்து டியூபில் பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். 26 அங்குல வண்டிக்கு 2.0 டயர் போதும், 30-35 பிஎஸ்ஐ.

நாய் லயத்தை (தொழிலாளர் வீட்டு வரிசையை) சுற்றித்தான் இருக்கும். ஓடினால்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் குரைத்துவிட்டுப் போய்விடும்.

பல்சக்கரம்

இன்னும் ஒன்று. தோட்டத்திலிருந்து வெளியே வந்ததும் சங்கிலியில் எண்ணெய் ஊற்றாதீர்கள், மண்ணோடு சேர்ந்து அரைக்கும். பாட்டில் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு. மீதியைத் துடைத்துவிடுங்கள். ரயில் ஏறும் முன் செய்தால் பெட்டியும் அழுக்காகாது.

சைக்கிளை ரயிலில் ஏற்றும் விதி, நேரம் இரண்டையும் முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையம் பட்டணத்துக் கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

அணைக்கட்டு_வளைவு

டிரெய்லரும் சங்கிலியும் மாற்றிய பிறகு மூட்டையோடு ஒரு 20 கி.மீ. உள்ளூரிலேயே ஓட்டிவிட்டு வாருங்கள். புதுக் கியர் கம்பி முதல் நாளே நீண்டு கியர் நழுவும், அதைப் பெர்தாக் தாண்டி உட்கார்ந்து சரிசெய்ய ஒரு கடைகூட இருக்காது.