எஸ்டேட் சேல் வண்ணக் கண்ணாடி: விற்பனைக்குப் போடும் முன் எதை எப்படி உறுதிசெய்வது?

ரோஸ்ஜக்
ஒஹாயோவில் ஓர் எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை) எடுத்த ஒரு பெட்டி. செர்ரிக் கொத்து அச்சுள்ள ரோஸ் நிற ஜக் 1, தேன் நிறத் தட்டு 4, கால் வைத்த ரத்தச் சிவப்புக் கோப்பை 6, மயில்கழுத்து போல மினுங்கும் நீலக் கிண்ணம் 1 (திராட்சைக் குலை அச்சு), வெளிர்பச்சை கப்-சாஸர் 2 ஜோடி. எதிலும் கம்பெனி முத்திரை கண்ணில் படவில்லை. 395 நானோமீட்டர் யூவி டார்ச்சில் பச்சை மட்டும் ஒளிர்கிறது. மொத்தத்தையும் 'டிப்ரஷன் கிளாஸ், 1930-கள்' என்று ஈபேயில் போடலாமா?

அடிப்பாகம்
ஒரே பேரில் போடாதீங்க. சிவப்பும் நீலமும் 1970-க்குப் பிந்தியதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முத்திரை இல்லைன்னு கவலை வேண்டாம். டிப்ரஷன் கிளாஸ்ங்கிறது அமெரிக்கப் பொருளாதார மந்தக் காலத்தை ஒட்டி, 1929 முதல் 1940 வாக்கில் மெஷின் அச்சில் மலிவா வார்த்த சரக்கு. ஓட்ஸ் டப்பாவுக்குள்ள இலவசமா வச்சுக் கொடுத்ததும் உண்டு. பெரும்பாலானதில் முத்திரையே கிடையாது. அதனால் முதலில் டிசைன் பேரு, அடுத்து அளவு, நிறம் கடைசி. போலி செய்றவனுக்கு ரொம்ப சுலபம் நிறம்தான்.

ஜக்: ஜெனட் கம்பெனியின் 'செர்ரி ப்ளாசம்' (1930–39) மாதிரி தெரியுது. 1970-களில் இருந்து இதுக்கு மறுவார்ப்பு வந்துட்டே இருக்கு. கவிழ்த்து வச்சு அடியில் உள்ள செர்ரிகளை எண்ணுங்க. உடம்பு முழுக்க டிசைன் ஓடுற பழைய ஜக்கில் 9, மறுவார்ப்பில் 7.

தட்டு: ஃபெடரல் கம்பெனியின் 'மேட்ரிட்' (1932–39) டிசைனா பாருங்க. 1976-ல் அதே கம்பெனி 'ரீகலெக்‌ஷன்' என்ற பேரில் தேன் நிறத்திலேயே மறுபடி வார்த்தது. டிசைனுக்குள்ள பொடி எழுத்தில் 76 ஒளிஞ்சிருக்கும். தட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, 10 மடங்கு லென்ஸில் தேடுங்க. அப்புறம் இண்டியானா கிளாஸ் அந்த அச்சுகளை வாங்கி 76-ஐ எடுத்துட்டு ரோஸ், நீலம் எல்லாம் போட்டது. ஆகவே '76 இல்லை, அப்போ பழசு' என்ற கணக்கு தேன் நிறத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும், ரோஸுக்குச் செல்லாது.

சிவப்புக் கோப்பை: ஏவான் என்ற அழகுசாதனக் கம்பெனி விற்ற 'கேப் காட்' வரிசையோடு ஒப்பிடுங்க. அதன் முழுப் பேரில் 1876 வரும். அதைத் தயாரிப்பு வருஷம்னு நினைச்சு விலை ஏத்துறவங்க இன்னமும் இருக்காங்க! உண்மையில் 1975-க்குப் பிறகு வந்த சரக்கு. அடியில் ஏவான் பேரு மங்கலா வார்த்திருக்கும், விரல் நுனியில் தடவினா தட்டுப்படும்.

நீலக் கிண்ணம்: திராட்சைக் குலை, மினுமினுப்பு, நீலம் மூணும் சேர்ந்தா முதலில் சந்தேகிக்க வேண்டியது இண்டியானா கிளாஸின் 1970-கள் கார்னிவல் (மினுமினுப்புப் பூச்சுள்ள கண்ணாடி).

ஊதாவிளக்கு
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். டார்ச் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. 395 டார்ச் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் நிறையக் கொட்டும், அந்த வெளிச்சத்தில் சாதாரணப் பச்சைக் கண்ணாடியும் பளிச்சிட்டு ஏமாற்றும். ஃபில்டர் உள்ள 365 டார்ச் வாங்கி, இருட்டறையில் ஓர் அடி தள்ளி நின்று அடியுங்கள். நிறத்துக்காகக் கண்ணாடியில் யுரேனியம் கலந்திருந்தால் எலுமிச்சைப் பச்சையில் உடம்பு முழுக்க ஒரே சீராக எரியும். டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் மட்டும் சோகையாகப் பச்சை தெரிந்தால் அது மாங்கனீஸ். ஆரஞ்சோ மஞ்சளோ வந்தால் காட்மியம் வகை.

ஒளிர்வதாலேயே பழசு ஆகிவிடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது, 1958-ல்தான் தளர்த்தியது. அதன்பின் மறுபடி வார்க்கத் தொடங்கினார்கள், ஒஹாயோவிலேயே மாஸர் கம்பெனி இன்றும் வார்க்கிறது. கப்-சாஸரின் டிசைனைப் பிடிக்காமல் 'யுரேனியம் 1930' என்று எழுத வேண்டாம்.

தேய்மானமும் பாருங்கள். மேசையில் உட்காரும் வளையத்தில் மட்டும், திசையில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் கீறல் இருப்பது இயல்பு. ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் உப்புத்தாள் தேய்த்த வேலை.

ரோஸ்ஜக்
ஜக் அடியில் 9 எண்ணிவிட்டேன், நன்றி. கோப்பையில் ஏவான் இருக்கிறது. தட்டில் 76 எங்கும் இல்லை. இன்னொன்று: ஜக் உள்ளே வெள்ளையாக மங்கல், வெளியே கைப்பிடி அருகே முடி மாதிரி ஒரு கோடு. மங்கலை எண்ணெய் தடவி மறைக்கலாம் என்கிறார்களே?

மூளிபார்வை
எண்ணெய் தடவாதீங்க. வாங்கினவர் ஒரு தடவை சோப்பு போட்டுக் கழுவினதும் மங்கல் திரும்பி வரும், கூடவே ரிட்டர்னும் வரும்.

வெள்ளை வினிகரை ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க. உப்புக்கறைன்னா கரைஞ்சிடும். ஈரத்தில் மறைஞ்சு, காய்ஞ்சதும் மறுபடி தெரிஞ்சா கண்ணாடியே அரிச்சுப்போச்சு, அதை இங்கே 'சிக் கிளாஸ்' என்பாங்க. அதைக் கழுவி எடுக்க முடியாது. விவரத்தில் எழுதி விலையைக் குறைங்க. டிஷ்வாஷர் பக்கமே கொண்டுபோகாதீங்க, அரிப்புக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்க. நகம் தட்டாம, வளைஞ்சு வளைஞ்சு மேற்பரப்பில் கிடந்தா வார்க்கும்போது விழுந்த வரி, குறையில்லை. வெளிச்சத்தில் திருப்பும்போது வெள்ளி மாதிரி பளிச்சுனு மின்னினா கண்ணாடிக்குள்ள இறங்கின விரிசல். கைப்பிடி அருகே விரிசல்னா தண்ணி ஊத்த லாயக்கில்லைன்னு எழுதிடுங்க. மூளி தேட, விளிம்பைச் சுத்தி பஞ்சை மெதுவா ஓட்டினா போதும், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நூல் மாட்டிக்கும்.

தலைப்பு வரிசை: கம்பெனி, டிசைன், நிறம், பொருள், அங்குலத்தில் அளவு. ஏவான் கோப்பையைத் தாராளமா விண்டேஜ்னு போடலாம், எட்ஸி விற்பனைத் தளத்தில் 20 வருஷம் ஆனாலே அந்தப் பேருக்குத் தகுதி. டிப்ரஷன் மட்டும் வேண்டாம். விலைக்கு ஈபேயில் 'விற்றவை' ஃபில்டர் போட்டுப் பாருங்க, கேட்கிற விலை வெறும் ஆசைதான். படம் ஜன்னல் வெளிச்சத்தில், நிறத்தைக் கூட்டாம. யூவி படம் தனியா ஒண்ணு.

அனுப்பும்போது தட்டுகளைப் படுக்க வைக்காதீங்க, ஒவ்வொண்ணா சுத்தி, நெட்டுக்குத்தலா நிறுத்துங்க. பெட்டிக்குள் பெட்டி, ரெண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் 2 அங்குலம் மெத்தை. மூடின பெட்டியைக் குலுக்குங்க, உள்ளே ஏதாச்சும் நகர்ந்தா திறந்து மறுபடி அடைங்க.