சீனி வருத்தக்காரர் எந்த நேரத்தில் நடப்பது? மலைநாட்டு ஆட்கள் சொல்லுங்க

நுவரெலியாவிலிருந்து:
சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்ததுமே எல்லோரும் சொல்வது, "விடியக்காலையில எழும்பி நடங்க". கொழும்பில் அது சரி. இங்கே 1,868 மீற்றர் உயரம், ஜனவரியில் சில நாள் விடியும்போது புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும். இருந்தும் கிரகரி வாவிப் பக்கம் வெறும் வயிற்றோடு வேகமாக நடந்துவிட்டு வருவேன். வந்து விரலைக் குத்தினால் குளிரில் இரத்தமே வராது. கையை அடுப்பில் காட்டி, பிதுக்கி, ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், போகும்போது இருந்ததைவிட சீனி கூட!

கிளினிக்கில் டொக்டர் விளக்கினார். விடியற்காலையில் கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் கூடுவதால் ஈரல் தன்னிடமுள்ள சீனியை இரத்தத்தில் விடுமாம். சாப்பிடாமல் வேகமாக நடந்தால் சிலருக்கு அது இன்னும் ஏறும். இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கால் மணித்தியாலம் மெதுவாக நடக்கிறேன். சாப்பிட்டதில் வரும் சீனியைத் தசைகள் அப்போதே இழுத்துக்கொள்ளும். சீனி பார்க்கிற மீற்றரிலும் அது தெரிகிறது. 2022இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்விலும், நாள் முழுக்கப் பரவலாக நடமாடியவர்களைவிட பின்னேரம் கூடுதலாக நடமாடியவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாக மசியாத நிலை) 18 வீதமும், இரவில் நடமாடியவர்களுக்கு 25 வீதமும் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சமதரையில் நடக்கிற வெள்ளைக்காரர்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:
அண்ணா, ஒக்டோபர், நவம்பரில் இங்கே பின்னேரமானால் மழை, மின்னல், மூடுபனி. எப்படி நடக்கிறது? என் மாமியாருக்குச் சீனியோடு முட்டும் (ஆஸ்துமா) இருக்கிறது. குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால் விடியக்காலையும் ஆகாது. காலைச் சாப்பாடு முடிந்து, வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் இறங்குவார், மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டு. முட்டுப் பம்ப் கையில் இல்லாமல் கேட்டைத் தாண்ட விடமாட்டேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து:
ராத்திரி நடை டவுனுக்குச் சரி. எங்கள் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கம் நாயைத் தூக்கச் சிறுத்தை வரும்.

அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் கிளினிக்கில் "நல்லா நடங்கம்மா" என்றார்களாம். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில்) நின்று, கூடையோடு மலை ஏறி இறங்குகிற ஆளிடம்! சிரித்துவிட்டு வந்துவிட்டார். வேலையை விட்டு நின்ற பிறகுதான் சீனி ஏறியது. ரொட்டியும் தேத்தண்ணியும் அதேதான், மலை மட்டும் இல்லை. இப்போது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் வரை ஏறி இறங்குகிறார். சில சீனி மாத்திரைகள் போட்டுக்கொண்டு நடந்தால் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம் என்று கிளினிக் மிஸ்ஸி (தாதி) சொன்னதால் மடியில் எப்பவும் டொபி இருக்கும். அதில் பாதி கோயில் வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குப் போகிறது, அது வேற கதை.